மாமியார் வீட்டில் ஒரு விமானி

விமானப்படையை விட்டு வெளியே வந்தபோது என்னிடம் இரண்டு பெட்டி நிறையப் புத்தகங்களும், காலை நாலரைக்கு யாரும் எழுப்பாமலே எழும்பிவிடும் வியாதியும் இருந்தன. ஓட்டுவதற்கு விமானம் மட்டும் இல்லை.

பன்னிரண்டு வருடம் சிறிய இரட்டை எஞ்சின் விமானங்களை ஓட்டியவன் நான். அவற்றில் அரிசி மூட்டை போகும், மருந்துப் பெட்டி போகும், வெள்ளம் வந்தால் கூடாரத் துணி போகும், லீவில் வீட்டுக்குப் போகிற சிப்பாய்கள் போவார்கள். மூட்டைகள் கேள்வி கேட்பதில்லை. சிப்பாய்களும் கேட்பதில்லை. அப்படி ஓட்டிப் பழகிய நான், இனிப் பயணிகள் விமானம் ஓட்டுவது என்று முடிவெடுத்து விலகல் கடிதம் கொடுத்தேன். சிவில் விமானிக்கான அனுமதிப்பத்திரம் கைக்கு வரும்வரை மனைவியின் தாய் தகப்பனோடு இருப்பதென்று ஏற்பாடு. மனைவி மன்னார் ஆஸ்பத்திரியில் தாதி. அவர்களுடைய வீடு, மன்னார்த் தீவுக்குக் கடல்மேல் போகிற தாம்போதிக்கு இந்தப் பக்கம், திருக்கேதீஸ்வரத்துக்குக் கிட்ட, ஒரு வயல் கிராமத்தில் இருந்தது.

பெட்டிகளோடு போய் இறங்கியபோது மாமா வாசலில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்.

"லீவோ, தம்பி?"

"இல்ல மாமா. விட்டுட்டேன்."

ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தோம். ஆனாலும் மாமா பிடியை இறக்கி வைத்துவிட்டு என்னையும் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இனி பிளேன் ஓடுறேல்லையோ?" என்றார். எங்கள் ஊரில் பஸ் ஓடுகிறவரும் பிளேன் ஓடுகிறவரும் ஒரே தொழில்தான்.

"ஓடுவேன் மாமா. வேற பிளேன். அதுக்குத்தான் படிக்கணும்."

"ஓடத் தெரிஞ்ச ஆள் ஏன் படிக்கவேணும்?"

அதை அனுமதிப்பத்திரம் தருகிறவர்களிடம்தான் கேட்க வேண்டும். விமானப்படையில் நான் பறந்த மணித்தியாலங்களை எல்லாம் மரியாதையாகக் குறித்துக்கொண்ட சிவில் அதிகாரிகள், பிறகு ஒரு தாளை நீட்டி, பதினாலு பாடம் எழுதிப் பாஸ் பண்ணிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைக்கும் அதே பதினாலுதான்.

அந்த வீட்டுக்கு நான் மருமகனாக வந்த கதையும் விமானத்தில் தொடங்கியதுதான். வவுனியாவிலிருந்து கொழும்புக்கு ஒரு நோயாளியைக் கொண்டுபோனபோது கூட வந்த தாதி, விமானம் காற்றில் இரண்டு தரம் தூக்கிப் போட்டதும், என் தோளுக்குப் பின்னால் தலையை நீட்டினாள். "இஞ்சை ஒரு மனிசர் சேலைன் ஏறிக்கொண்டு கிடக்கிறார். கொஞ்சம் குலுக்காமல் ஓடுங்கோ" என்றாள். காற்றுக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லத் திரும்பினேன். அவளுடைய முகத்தைப் பார்த்ததும், "சரி" என்று சொல்லிவிட்டேன். இன்றுவரை அதே பதில்தான்.

கலியாணப் பேச்சு வந்தபோது மாமி என்னிடம் ஒரேயொரு கேள்வி கேட்டார். மாமாவோ அவளோ பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, நீங்கள் குண்டு போட்டனீங்களோ?"

பிளேன் சத்தம் கேட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் ஓடியவர் அவர். நான் மலைநாட்டில், தேயிலைத் தோட்ட லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தவன். எனக்குப் பிளேன் என்றால் அண்ணாந்து கை காட்டுகிற பொருள். ஒரே வானத்தை இரண்டு பேரும் எப்படிப் பார்த்திருக்கிறோம் என்று அந்த நிமிடத்தில்தான் விளங்கியது.

"இல்ல மாமி. நான் சேரும்போது சண்டை முடிஞ்சிருச்சு. அரிசி மூட்டைதான்."

மாமி எழும்பிப் போய் அடுப்பில் தண்ணீர் வைத்தார். பிறகு, "தேத்தண்ணிக்குச் சீனி எத்தினை கரண்டி?" என்று கேட்டார். சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

படிப்பு தொடங்கியது. காலையில் மனைவியை மோட்டார் சைக்கிளில் ஏற்றித் தாம்போதியைத் தாண்டி ஆஸ்பத்திரியில் விடுவேன். டவுனில் ரோட்டுக்குக் குறுக்கே நிற்கும் கழுதைகள் தங்கள் வேலையை முடிக்கும்வரை காத்திருப்பேன். பிறகு வீடு திரும்பி, சாப்பாட்டு மேசையில் புத்தகங்களை விரிப்பேன். மாமி மேசையின் மறு பக்கத்தில் வெங்காயம் உரிப்பார். எஞ்சின் பாடத்துக்கு நான் கண்ணீர் விட்டேன் என்று ஊரில் கதை போனது அதனால்தான்.

வானிலைப் பாடத்தில்தான் முதல் விபத்து நடந்தது.

பெரும்போக அறுவடை முடிந்து, எல்லோரும் நெல்லைத் தார் ரோட்டின் ஓரத்தில் பரப்பிக் காய வைக்கிற காலம். அன்று காலை வானத்தில் அங்கங்கே மேகம். மாமா மூட்டைகளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் மேசையில் கிடந்த என் புத்தகத்தைப் பார்த்தார். அதன் அட்டையில் பெரிய மேகம் ஒன்று இருந்தது.

"தம்பி, மழை வருமோ?"

பன்னிரண்டு வருட அனுபவமும் நாலு அத்தியாயமும் என்னிடம் இருந்தன. வெளியே போய் நின்று, இடுப்பில் கை வைத்து, மேகத்தின் அடி எவ்வளவு உயரம், தலை எந்தப் பக்கம் சாய்கிறது, காற்று எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் மாமாவுக்கு விளக்கினேன். தொலைபேசியில் செய்மதி எடுத்த மேகப் படத்தையும் காட்டினேன். "பின்னேரம் வரைக்கும் வராது மாமா. நம்பி விரிங்க."

மாமா நம்பி விரித்தார். முப்பது மூட்டை. அக்கம்பக்கத்தில் ஒருவரும் விரிக்கவில்லை என்பதை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை.

பதினொன்றரைக்கு மழை கொட்டியது. தூறல், துளி என்ற முன்னறிவித்தல் எதுவும் இல்லை. நான் புத்தகத்தை எறிந்துவிட்டு, நெல் மூடுகிற படங்கைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். காற்றில் படங்கு விரிந்து என்னையும் இழுத்துக்கொண்டு பாதி வயலுக்குப் போனது. மாமி விளக்குமாற்றோடு வந்தார், பக்கத்து வீட்டுக்காரர்கள் சாக்குகளோடு வந்தார்கள், ரோட்டால் போன பஸ்ஸையே நிறுத்தி இரண்டு பேர் இறங்கி வந்து நெல் கூட்டினார்கள். கூட்டி முடித்ததும் மழை நின்றது. வெயில் பளிச்சென்று அடித்தது.

மாமா தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்: "இந்தப் பாடம் சோதினை எழுதிட்டீங்களோ?"

"இன்னும் இல்ல மாமா. வர்ற மாசம்."

"கொஞ்சம் தள்ளிப் போடுங்கோ."

நெல் பெரிய சேதமில்லாமல் மறு நாள் காய்ந்துவிட்டது. ஆனால் என் பெயர் காயவில்லை. அதன் பிறகு நான் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தாலே பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி என்ன சொல்லுறார்? வராதெண்டோ? பிள்ளை, கொடியிலை கிடக்கிற உடுப்பை எடு" என்று மகளைக் கூப்பிடுவார். வானிலைச் சோதனையில் நான் எடுத்த புள்ளிகள்தான் பதினாலு பாடத்திலும் அதிகம். அந்த விசயத்தை ஊரில் யாரும் நம்பவில்லை.

பாடங்கள் முடிந்தன. அனுமதிப்பத்திரம் வந்தது. ஒரு விமானக் கம்பனி நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. அதில் பாதி நாள் சிமுலேட்டரில் சோதனை. சிமுலேட்டர் என்றால் தரையில் நின்றபடி பறக்கிற பெட்டி. உள்ளே எல்லாம் விமானம் மாதிரியே இருக்கும், ஆட்டம் உட்பட.

முதல் பாதியில் நான் தலைமை விமானி. எஞ்சின் ஒன்றை நிறுத்தினார்கள், சமாளித்தேன். மூடுபனி போட்டார்கள், இறக்கினேன். எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. இரண்டாம் பாதியில் இடம் மாறி, நான் துணை விமானி. தலைமை ஆசனத்தில் வந்து இருந்தவர் கம்பனியின் மூத்த கப்டன். நரைத்த மீசை, என்னைப் போல விமானப்படையிலிருந்து போனவர், அந்தக் காலத்தில் என்னை விட எத்தனையோ படி மேலே இருந்தவர். அவர் இறங்கத் தொடங்கினார். போகக்கூடாத உயரத்துக்கும் கீழே இறங்கினார். எனக்குத் தெரிந்தது. உயரமானி என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. "இவருக்குத் தெரியாததா" என்று நினைத்து முதுகை நேராக்கி உட்கார்ந்திருந்தேன்.

எச்சரிக்கை மணி அலறியது. திரையில் மலை. எல்லாம் சிவப்பு. பெட்டி நின்றது.

பின்னால் இருந்த பரிசோதகர் எழுந்து முன்னால் வந்தார். அமைதியான மனிதர், ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்.

"உயரம் குறைவதை நீங்கள் கவனிக்கவில்லையா?"

"கவனித்தேன், சேர்."

"எப்போது?"

"நாற்பது செக்கன் முன்பு, சேர்."

"ஏன் சொல்லவில்லை?"

"அவர் சீனியர், சேர்."

பரிசோதகர் திரையைக் காட்டினார். "மலைக்கு அது தெரியுமா?"

நரைத்த மீசைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே பார்த்தார். வெளியே சுவர்தான் இருந்தது. வேண்டுமென்றுதான் பிழை விட்டிருக்கிறார். துணை விமானி வாய் திறக்கிறானா என்பதுதான் சோதனையே. "பறப்பு மிக நன்று, பேச்சுப் போதாது, மூன்று மாதம் கழித்து வரவும்" என்று எழுதித் தந்தார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி சிரித்த சிரிப்பில் கதிரையிலிருந்து விழப் பார்த்தாள்.

"கலியாணம் கட்டின நாளிலை இருந்து நான் இதைத்தானே சொல்லுறன்? வாயைத் திறந்து கதையுங்கோ எண்டு. நான் சொன்னா கேக்கேல்லை. கம்பனிக்காரர் கடுதாசியிலை எழுதித் தரவேண்டி இருக்கு."

மாமி ஆறுதலாகச் சொன்னார்: "பறவாயில்லை. இன்னும் மூண்டு மாசம் இஞ்சை நிப்பார். தேங்காய் திருவ ஆள் இருக்கு."

பேசுவது எப்படி என்று நான் படித்தது புத்தகத்தில் இல்லை. தெற்கே கொண்டச்சி என்ற ஊருக்குப் போகிற வழியில்.

மாமாவுக்கு அங்கே ஒரு பழைய கூட்டாளி இருந்தார். சண்டைக் காலத்தில் ஊரை விட்டுப் போய், திரும்பி வந்து காணி துப்புரவாக்கி, ஒருவழியாக வீடு கட்டி முடித்திருந்தார். பகல் சாப்பாட்டுக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார். மாமா ஒரு வான் வண்டியை இரவலாக எடுத்தார். மாமா ஓட்டினார், நான் பக்கத்தில், மாமியும் மனைவியும் பின்னால், அவர்களுக்கு நடுவில் ஒரு பெரிய பலாப்பழம்.

அந்தக் கரையோரம் எனக்கு உள்ளங்கை மாதிரி. மேலே இருந்து எத்தனை தரம் பார்த்திருப்பேன்! வங்காலையில் தண்ணீருக்குள் பூநாரைகள் நிற்பதும், அதற்குத் தெற்கே கடலை ஒட்டியே ரோட்டு இறங்கிப் போவதும், மரமுந்திரிகைத் தோட்டம் கரும்பச்சையாகப் பரந்து கிடப்பதும். சிலாவத்துறை தாண்டியதும் ரோட்டு இரண்டாகப் பிரிகிற ஒரு கவர் வந்தது. நேரே போக வேண்டும். மாமா இடப்பக்கம் திருப்பினார்.

பிழை என்று எனக்கு உடனே தெரிந்தது. வாயைத் திறந்தேன். மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் உற்சாகமாகப் பழைய பாட்டு ஒன்றை மூக்கால் பாடிக்கொண்டிருந்தார். பெண் கொடுத்தவர். ஒரு வருடமாகச் சோறு போடுகிறவர். என் பேச்சைக் கேட்டு முப்பது மூட்டை நெல்லை நனைத்துக்கொண்டும் ஒரு சுடு சொல் சொல்லாதவர். வாயை மூடிக்கொண்டேன்.

தார் முடிந்து கிரவல் வந்தது. கிரவல் முடிந்து மணல் வந்தது. இரண்டு பக்கமும் முந்திரிகை மரங்கள் நெருங்கி வந்து கண்ணாடியைத் தடவின. பாட்டு நின்றது. வானும் நின்றது. சில்லுகள் பாதிக்கு மேல் மணலுக்குள்.

பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது.

"தம்பி, உங்களுக்கு இந்தப் பாதை தெரியுமெல்லே?"

"ஆமா மாமி."

"அப்ப இவர் பிழையாத் திருப்பினதைக் கண்டனீங்களோ?"

"ஆமா."

"ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"மாமா ஓட்டும்போது நான் எப்படி..."

"இது பிளேனா இருந்தா," என்றார் மாமி, "இப்ப நாங்கள் நாலு பேரும் பிலாப்பழத்தோடை செத்துப் போயிருப்பம்."

கண்ணாடியில் மனைவியின் முகத்தைப் பார்த்தேன்; பரிசோதகரின் முகம் மாதிரியே இருந்தது. மாமா மெதுவாக என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை, ஆச்சரியம்தான். "தெரிஞ்சும் சொல்லேல்லையோ? நான் என்ன, அடிக்கிறனானோ?" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அவருக்கு எந்த விதத்திலும் உதவவில்லை. நெல்லைப் பற்றிக் கேட்டபோது அவர் என்னை நம்பினார். சொல்ல வேண்டிய இடத்தில் நான் அவரை நம்பவில்லை.

தொலைபேசியில் கூப்பிட்டதும் கூட்டாளி உழவு இயந்திரத்தோடு வந்து இழுத்துவிட்டார். கயிறு கட்டும்போது கேட்டார்: "மருமகன் வானத்துல ஓட்டுற ஆளு. மாமன் ரோட்டுல பாதையத் தொலச்சிட்டீங்களா?" மாமா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "காத்து வாங்க வந்தனாங்கள்" என்றார். புது வீட்டில் பிரியாணி ஆறியிருந்தது, ஆனால் நல்ல பிரியாணி. பலாப்பழத்துக்கும் சேதமில்லை.

திரும்பி வரும்போது மாமா சாவியைப் போட்டுவிட்டு, "இனி நீங்கள் சொல்லுங்கோ, நான் ஓடுறன்" என்றார். சொன்னேன்.

"கவர் வருது. நேரே."

"ஓம்."

"முன்னால மாடு."

"கண்டனான்."

"வேகம் கொஞ்சம் கூட, மாமா."

"சரி."

"மாமா, மாடு இன்னும் நிக்குது."

"தம்பி, மாடும் என்னைக் கண்டிட்டுது."

அந்த மூன்று மாதமும் மாமா எங்கே போனாலும் பக்கத்தில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். தேவையில்லாத பயணங்களும் அதில் இருந்தன என்று இப்போது சந்தேகப்படுகிறேன். ஒரு மனிதனுக்குக் கோழித் தீவனம் வாங்க வாரம் நாலு தரம் டவுனுக்குப் போக வேண்டி வருமா?

இரண்டாம் முறை சிமுலேட்டரில் அதே நரைத்த மீசைக்காரர். அவர் கீழே இறங்க முதலே நான் தொடங்கிவிட்டேன். உயரம், வேகம், மலை, மேகம் எல்லாம் சொன்னேன். பரிசோதகர் கடைசியில் கையைத் தூக்கி, "போதும், உங்களை எடுத்துக்கொள்கிறோம், தயவுசெய்து கொஞ்சம் மூச்சு விடுங்கள்" என்றார்.

பிறகும் ஒரு தடை இருந்தது. சென்னைப் பறப்புகளில் துணை விமானிக்குத் தமிழ் தெரிந்தால் பயணிகளுக்கு நாலு வரி தமிழில் சொல்ல வேண்டும். சாப்பாட்டு மேசைக்கு முன்னால் நின்று மாமிக்கு வாசித்துக் காட்டினேன். "அன்பார்ந்த பயணிகளே, இவ்விமானம் இன்னும் சில நிமிடங்களில்..."

மாமி வெங்காயத்தைக் கீழே வைத்தார். "தம்பி, இது ரேடியோவிலை மரண அறிவித்தல் வாசிக்கிற மாதிரி இருக்கு. கேட்டவுடனை ஆர் செத்தது எண்டு பாக்கத் தோணுது."

"அப்ப எப்படிச் சொல்றது, மாமி?"

"வீட்டுக்கு வந்த ஆக்களோடை கதைக்கிற மாதிரிச் சொல்லுங்கோ. வாங்கோ, இருங்கோ, பயப்பிடாதேங்கோ, இவ்வளவு நேரத்திலை போயிடுவம். வேற என்ன கிடக்கு?"

கம்பனி தந்த வசனத்தைத் தூக்கி எறிய முடியாது. ஆனால் குரலை மாமி சொன்னபடி மாற்றினேன். பத்தாவது தரம் வாசித்தபோது, "ஓம், இப்ப ஏறலாம்" என்றார்.

முதல் சென்னைப் பறப்பில் என் கப்டன் ஒரு பெண். என்னை விட நாலு வயது இளையவர். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றார். எனக்கு நாக்கு வளையவில்லை. முதல் அரை மணித்தியாலத்தில் ஆறு தரம் "சேர்" என்றும் இரண்டு தரம் "மெடம்" என்றும் சொன்னேன். அவர் பொறுத்துக்கொண்டார். வடக்கே போகும்போது கீழே மன்னார்த் தீவு வெயிலில் கிடந்தது. கரையோரக் காற்றாலைகள் குண்டூசிகள் மாதிரித் தெரிந்தன. நாலு வரியையும் சொன்னேன். யாரும் செத்ததாக யாரும் நினைக்கவில்லை என்று பணிப்பெண் வந்து சொன்ன விதத்தில் தெரிந்தது: "எல்லாரும் சிரிச்சிட்டு இருக்காங்க, என்ன சொன்னீங்க?"

சென்னைக்கு இறங்கும்போது கட்டுப்பாட்டு அறையிலிருந்து உயரம் சொன்னார்கள். நான் திருப்பிச் சொன்னேன். கப்டன் உயரக் குமிழைத் திருகி வைத்தார். நான் கேட்டது ஏழாயிரம் அடி. அவர் வைத்தது ஆறாயிரம்.

இரண்டு செக்கன் பேசவில்லை. அந்த இரண்டு செக்கனும் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

"கப்டன், எனக்கு ஏழாயிரம் என்று கேட்டது."

"அப்படியா? மறுபடி கேளுங்கள்."

கேட்டேன். ஏழாயிரம்தான். அவர் குமிழைத் திருத்திவிட்டு, "நல்லது, நன்றி" என்றார். அவ்வளவுதான். முகம் கறுக்கவில்லை, விசாரணை இல்லை, மறு நாள் மேலதிகாரியின் கந்தோருக்குக் கூப்பிடவும் இல்லை. அடுத்த நிமிடம் இடப்பக்கம் தெரிந்த மேகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

இறங்கினோம். கொஞ்சம் தட்டி இறங்கியது. அது அவர், நான் இல்லை. எஞ்சின்களை நிறுத்தித் தாள்களை முடித்ததும் கப்டன், "போய் வாசலில் நின்று வழியனுப்புங்கள், பழகிக்கொள்ளுங்கள்" என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். நூற்றைம்பது பேர் வரிசையாக என்னைக் கடந்து போனார்கள். தூங்கி எழுந்த முகம், அழுத முகம், தொலைபேசியில் கத்துகிற முகம். என் விமானத்தில் ஏறியவர்கள் இப்படி ஒவ்வொரு முகமாக இறங்கிப் போவதை முதல் முறையாக நின்று பார்த்தேன்.

கடைசியாக வந்த அம்மா ஒருவர் என் முன்னால் நின்றார். மஞ்சள் சேலை, கையில் பனங்கட்டி அடைத்த ஓலைக் குட்டானோடு ஒரு பை. என் சட்டைத் தோளில் இருந்த கோடுகளை ஏற இறங்கப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நான் முதுகை நேராக்கினேன்.

"தம்பி, பாத்றூம் எந்தப் பக்கம்?"

"இறங்கி நேரே போங்கோ அம்மா," என்றேன், "வலப்பக்கம்."

"ஓம்" என்றுவிட்டுப் போனார்.